'ஹீ கோ' என்று எழுதும் பிள்ளைக்கு அந்த 'எஸ்'ஸைப் பழக்குவது எப்படி?

ஒன்பதாம் வகுப்புப் பையன், தமிழ் மீடியம். 'மை ஃபாதர்' என்ற தலைப்பில் பத்து வரி எழுதிக்கொண்டு டியூஷனுக்கு வந்தான். முதல் வரி, 'மை ஃபாதர் ஆர் எ லாரி டிரைவர்'. அடுத்த வரி, 'கோஸ்' என்று எஸ் வர வேண்டிய இடத்தில் வெறுமனே 'ஹீ கோ டு பாம்பே'. நான் 'ஆர்' என்பதை அடித்து மேலே 'இஸ்' என்று எழுதினேன். அவன் அந்தத் திருத்தத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், என் தங்கச்சிக்கும் இஸ், எங்கப்பாவுக்கும் இஸ்ஸா? ஆர்னு போட்டாத்தானே மரியாதையா இருக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் சொல்லித்தரும் முறையே மாறிப்போனது. அவனுக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. வீட்டில் 'அப்பா வர்றாங்க' என்று சொல்லி வளர்ந்தவன், ஒருவரைப் பன்மையில் சொன்னால் மரியாதை என்ற தமிழ்க் கணக்கை இங்கிலீஷிலும் சரியாகப் போட்டிருக்கிறான். கணக்கு சரி, ஊர்தான் வேறு. இதைச் சொல்லிப் புரியவைக்காமல் நூறு தடவை இம்போசிஷன் கொடுத்தால் கைதான் வலிக்கும், அடுத்த கட்டுரையில் மறுபடியும் 'ஆர்' வரும்.

வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அப்பா அம்மாவுக்கும், டியூஷன் எடுப்பவர்களுக்கும், தானாகவே இங்கிலீஷ் எழுதப் பழகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது ஒரே விஷயத்தைத்தான்: இந்தத் தவறைச் சரிசெய்யத் தமிழைத் தள்ளி வைக்க வேண்டாம், தமிழை வைத்தே சரிசெய்யலாம்.

யோசித்துப் பாருங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள், வந்தன. ஆளுக்குத் தகுந்தபடி வினையின் வால் பத்து விதமாக மாறுகிறது, ஐந்து வயதுப் பிள்ளைகூட இதில் பெரும்பாலானதைத் தப்பில்லாமல் பேசிவிடுகிறது. இங்கிலீஷில் சாதாரண நிகழ்கால வினைக்கு மொத்தமே இரண்டு வடிவம், 'கோ' ஒன்று, 'கோஸ்' ஒன்று. பத்தைச் சமாளிப்பவன் இரண்டில் தடுக்கி விழுகிறான் என்றால் அது மக்குத்தனத்தால் வருவதில்லை. அவன் விழும் இடங்கள் குறிப்பான இடங்கள், அவற்றைக் காட்டிக் கொடுத்தால் போதும்.

முதலில் கொஞ்சம் பொறுமை

ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து, 14 இலக்கணக் கூறுகளை அவர்கள் எந்த வரிசையில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1973-ல் வெளியிட்டார். அதில் பெயர்ச்சொல்லோடு வரும் பன்மை 'எஸ்' முன்னாலேயே வந்துவிடுகிறது. அதே ஓசையுள்ள வினை 'எஸ்' பட்டியலின் பின்பாதியில்தான் வருகிறது. தாய்மொழிக் குழந்தைக்கே அப்படி. இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடமும் இந்த 'எஸ்' தாமதமாகத்தான் நிலைக்கிறது என்று பிறகு வந்த பல ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் ஒரு மாதத்தில் இது சரியாகவில்லையே என்று யாரும் தலையில் கைவைத்து உட்கார வேண்டாம்.

ஏன் தாமதம்? தமிழில் 'வந்தான்' என்று மட்டும் சொன்னாலே யார் என்று பாதி புரிந்துவிடும், 'அவன்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வால் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இங்கிலீஷில் 'ஹீ' என்று சொல்லியே ஆக வேண்டும், சொல்லிவிட்ட பிறகு அந்த 'எஸ்'ஸுக்கு வேலையே இல்லை. 'ஹீ கோ' என்றாலும் கேட்பவருக்கு முழுசாகப் புரிகிறது. வேலை இல்லாத சின்ன ஓசையை மூளை சட்டை செய்வதில்லை. பழைய காலத்து இங்கிலீஷில் நம் தமிழ் போலவே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வால் இருந்தது, நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்து தேய்ந்து கடைசியில் இந்த ஒன்று மட்டும் மிச்சம். இங்கிலாந்திலேயே நார்ஃபோக் பக்கத்துக் கிராமத்துப் பேச்சில் இதுவும் தேய்ந்துவிட்டது, அங்கே பெரியவர்கள் 'ஷி கோ' என்று பேசுவார்கள். ஆனால் பரீட்சையும் இன்டர்வியூவும் நார்ஃபோக்கில் நடப்பதில்லை, அதனால் நாம் பழகித்தான் ஆக வேண்டும்.

ஆன், ஆள், ஆர், அது

எல்லாவற்றுக்கும் முன் பிள்ளைக்கு இதை மனப்பாடமாக்குங்கள். தமிழ் வாக்கியத்தை எழுத்துத் தமிழில் சொல்லிப் பார்க்கவும். வினை 'ஆன்' என்று முடிந்தால் எஸ் உண்டு, 'ஆள்' என்றால் உண்டு, ஒருவரைச் சொல்லும் 'ஆர்' என்றால் உண்டு, 'அது' என்றால் உண்டு. வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, இந்த நான்குக்கும் 'கம்ஸ்'. மற்ற எல்லாவற்றுக்கும், வருகிறேன், வருகிறாய், வருகிறோம், வருகிறீர்கள், வருகிறார்கள், வருகின்றன, வெறும் 'கம்'. 'இஸ்', 'ஹேஸ்', 'டஸ்' மூன்றும் அந்த நான்கு பேருக்கே. 'வாஸ்' மட்டும் கூடவே 'ஐ'யையும் சேர்த்துக்கொள்ளும், 'ஐ வாஸ்' என்றுதான் வரும். 'ஐ'க்கு நிகழ்காலத்தில் 'ஆம்' என்று தனியாக ஒன்று உண்டு, அதை யாரும் அதிகம் தப்பாகப் போடுவதில்லை, விட்டுவிடலாம்.

'எழுத்துத் தமிழில்' என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. பேச்சுத் தமிழில் இந்த வால்கள் பல இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, பிள்ளைகளின் தவறுகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மாடு மேயுது, மாடுங்க மேயுது. பேச்சில் அஃறிணைக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றுதான். அப்படியே 'தி கௌஸ் இஸ் கிரேஸிங்' என்று வந்துவிடுகிறது. 'வீட்டுல மூணு ரூம் இருக்கு' என்று பேசுகிறோம், 'மூன்று அறைகள் இருக்கின்றன' என்று யார் பேசுகிறார்கள்? அதனால் 'தேர் இஸ் த்ரீ ரூம்'. இதில் ரூமுக்கு எஸ் இல்லாததும் நம் பழக்கம்தான், எண் வந்துவிட்டால் 'ரெண்டு மாடு, பத்து மரம்' என்று 'கள்' போடாமல் விடுவது தமிழில் தவறே இல்லை. இதற்கு மருந்து நோட்டில் இரண்டு படி. முதலில் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றி எழுதச் சொல்லுங்கள், 'மாடுகள் மேய்கின்றன'. அப்புறம் இங்கிலீஷ். 'கின்றன' என்று எழுதிய கை 'இஸ்' போடாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் ஒருமை பன்மைப் பிழை திருத்தம் என்று வருமே, அதுவும் கூடவே சரியாகும்.

மரியாதைக்கு வருவோம். அந்தப் பையனிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டால், தொல்காப்பியத்தைக் காட்டினேன். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண வழியில் வந்தது இல்லை என்று தொல்காப்பியர் அப்போதே பிரித்துச் சொல்லிவிட்டார். நாம் அதை மரியாதைக்காக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இங்கிலீஷும் ஒரு காலத்தில் இதே வேலையைச் செய்தது, ஆனால் எதிரில் நிற்பவருக்கு மட்டும். 'யூ' என்பது முதலில் பன்மை, நம் 'நீங்கள்' மாதிரி. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்க ஆரம்பித்து, கடைசியில் 'நீ' என்பதற்கான பழைய சொல்லே புழக்கத்திலிருந்து போய்விட்டது. அதனால்தான் ஒரே ஆளைப் பார்த்தும் 'யூ ஆர்' என்கிறோம். ஆனால் எதிரில் இல்லாதவருக்கு, அதாவது நம் 'அவர்', 'அவங்க' இரண்டுக்கும், இங்கிலீஷ் அப்படி ஒன்றைச் செய்துவைக்கவில்லை. இங்கிலாந்து ராஜாவுக்கும் 'தி கிங் இஸ்' தான். அப்பாவுக்கு 'இஸ்' போட்டால் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பையன் முகம் தெளிந்ததை நான் மறக்கவில்லை. 'அம்மா வர்றாங்க', 'டீச்சர் சொல்றாங்க', 'தாத்தா இருக்காங்க' என்று வீட்டில் பேசுகிற எல்லாப் பிள்ளைக்கும் இதை ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லுங்கள். விதியாகச் சொல்லிவிட்டுப் போகாமல் காரணத்தோடு சொன்னால் ஒரு தடவையே போதும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். எனக்கு வேணும், அவளுக்கு வேணும். எனக்குப் பிடிக்கும், புரியும், போதும். இந்த வினைகளுக்கு வாலே மாறாது, ஆள் மாறினாலும் அதே வடிவம். உங்கள் பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், எஸ் விட்டுப்போன இடங்களில் 'வான்ட்', 'நீட்', 'லைக்', 'அண்டர்ஸ்டாண்ட்' அடிக்கடி கண்ணில் படும். 'ஷி லைக் மேங்கோ', 'ஹீ வான்ட் பைக்'. இங்கே தமிழை வால் உள்ள வினையாக மாற்றிக்கொள்ள வேண்டும். 'அவனுக்கு வேணும்' என்பதை 'அவன் விரும்புகிறான்' என்றும், 'அவளுக்குத் தெரியும்' என்பதை 'அவள் அறிகிறாள்' என்றும், 'அவனுக்குப் புரியும்' என்பதைப் 'புரிந்துகொள்கிறான்' என்றும் மாற்றினால் 'ஆன், ஆள்' கண்ணுக்குத் தெரிந்துவிடும், எஸ் தானாக வந்து ஒட்டும்.

'இல்லை' சேர்ந்தாலும் இதே கதை. நான் சாப்பிடல, அவன் சாப்பிடல, அவங்க சாப்பிடல. எழுத்துத் தமிழிலும் 'சாப்பிடவில்லை' மாறாது. அதனால் 'ஐ டோன்ட்' என்று ஒன்றைக் கற்றுக்கொண்ட பிள்ளை எல்லோருக்கும் 'டோன்ட்' போடுகிறது. இங்கே தமிழ் நேரடியாகக் கைகொடுக்காது. இல்லையை எடுத்துவிட்டு, 'அவன் சாப்பிடுகிறான்' என்று வைத்துப் பார்த்து, 'ஆன்' வருகிறதே என்று கண்டுபிடித்து, அப்புறம் 'டஸன்ட்' போடச் சொல்ல வேண்டும்.

'அவளுக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்க.' தமிழில் இங்கே வினை தம்பிகளோடு போகிறது, அக்காவோடு போகவில்லை. தம்பிகள் பன்மை, ஆகவே 'இருக்காங்க'. பிள்ளை அதே கண்ணால் பார்த்து 'ஷி ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று எழுதும். இங்கிலீஷில் எழுவாய் உடைமைக்காரர்தான், 'ஷி ஹேஸ்'. இந்த இடத்தில் நான் ஒரு பழைய நடை வாக்கியத்தைப் பயன்படுத்துகிறேன்: 'அவள் இரண்டு தம்பிகளை உடையவள்'. பேச்சில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள், தெரியும், ஆனால் நோட்டின் ஓரத்தில் ஒரு நிமிஷம் எழுதிப் பார்த்தால் உடையவள் என்றால் 'ஹேஸ்', உடையவர்கள் என்றால் 'ஹேவ்' என்று சண்டையில்லாமல் முடிந்துவிடும்.

புளியங்கொட்டை விளையாட்டு

விளக்கம் போதும், இனி கை வேலை. இது எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் ரொம்ப நன்றாகப் போகும், பெரிய பிள்ளைகளும் வெட்கப்பட்டுக்கொண்டே விளையாடுவார்கள்.

ஒரு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் எஸ். இரண்டு பிள்ளைகளை நிற்கவையுங்கள். ஒருவன் கையில் 'பாய்' என்ற அட்டை, இன்னொருவள் கையில் 'ப்ளே' என்ற அட்டை. கொட்டை ஒன்றுதான், யாராவது ஒருவர்தான் வைத்திருக்கலாம். பையன்கள் பலர் என்றால் கொட்டை 'பாய்' கைக்குப் போகிறது, 'பாய்ஸ் ப்ளே'. பையன் ஒருவன் என்றால் கொட்டை நகர்ந்து வினையின் கைக்கு வருகிறது, 'தி பாய் ப்ளேஸ்'. இருவரும் சேர்ந்து வைத்திருக்க முடியாது, இருவரும் கீழே போடவும் கூடாது. 'பாய்ஸ் ப்ளேஸ்', 'பாய் ப்ளே' என்ற இரண்டு தவறும் இதிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

கொட்டை மாறிமாறிப் போவது பழகியதும் மூன்றாவது பிள்ளையை 'டூ' என்ற அட்டையோடு உள்ளே அனுப்புங்கள். இவள் கேள்வி கேட்கும்போதும் 'நாட்' சொல்லும்போதும் வருவாள். வந்தாளானால், வினை தன் கையில் இருக்கும் கொட்டையை அவளிடம் கொடுத்துவிட வேண்டும், அவள் 'டூ'விலிருந்து 'டஸ்' ஆகிவிடுவாள், வினை வெறுங்கையோடு நிற்கும். 'டஸ் தி பாய் ப்ளே?' 'தி பாய் டஸ் நாட் ப்ளே.' 'டஸ் ஹீ கோஸ்', 'ஹீ டஸன்ட் கோஸ்' என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் விதியைச் சொல்லிப் பார்த்தேன், எழுதிப்போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. ஒரு நாள் 'ப்ளே' அட்டை வைத்திருந்த சிறுமி கொட்டையைத் தர மறுத்துக் கையை இறுக்கி மூடிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் "குடு குடு, அவ டஸ் ஆகணும்" என்று கத்தினார்கள். அதற்கப்புறம் அந்த வகுப்பில் 'டஸ் ஹீ கோஸ்' கிட்டத்தட்ட வரவே இல்லை. வந்தாலும் "கொட்டையைக் குடு" என்று ஒரு குரல் வரும், அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

நான்காவதாக 'கேன்', 'வில்', 'ஷுட்', 'மஸ்ட்' ஆகியோர். இவர்களில் யார் வந்தாலும் வினை தன் கொட்டையை டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். 'ஹீ கேன் ஸ்பீக்', 'ஷி வில் கம்'. 'சில்ட்ரன்', 'பீப்பிள்', 'தே' எல்லாம் எஸ் இல்லாமலேயே பலர். அவர்கள் கொட்டையை விழுங்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள், வயிற்றுக்குள் இருக்கிறது, வினைக்குக் கிடைக்காது. 'ஐ', 'யூ' இருவரும் இந்த ஆட்டத்தில் இல்லை, அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள்.

பிள்ளைகள் இதில் தேறிவிட்டால் கொட்டைக்குப் பதில் ஒரு கூழாங்கல்லை வைத்து இறந்தகாலத்தையும் ஆடலாம். 'வென்ட்' கையில் கல் இருக்கிறது, 'டிட்' வந்தால் கல்லை வாங்கிக்கொள்கிறாள், 'டிட் நாட் கோ'. இறந்தகாலத்தில் 'வாஸ், வேர்' தவிர ஒத்துப்போகிற தொல்லையே கிடையாது, எல்லோருக்கும் 'வென்ட்' தான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள்.

நீள வாக்கியத்தில் எழுவாயைப் பிடிப்பது

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், வேலைக்கான தேர்வு எழுதுகிறவர்களுக்கும் சிக்கல் இங்கேதான். 'தி பிரைஸ் ஆஃப் தி புக்ஸ் ஆர் ஹை.' வினைக்குப் பக்கத்தில் 'புக்ஸ்' நிற்கிறது, கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. இங்கிலீஷ்காரர்களும் அவசரத்தில் இதே தவறைச் செய்வார்கள். ஆனால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அவர்களுக்கு அது இல்லை. தமிழில் சொல்லுங்கள்: 'புத்தகங்களின் விலை அதிகமாக இருக்கிறது'. தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் போய்விடும், உண்மையான எழுவாய் கடைசியில் வினைக்கு அருகே வந்து நிற்கும். தவிர 'புத்தகங்களின்' என்பதில் 'இன்' ஒட்டியிருக்கிறது. வேற்றுமை உருபு ஒட்டிய சொல் இந்த வாக்கியத்தில் எழுவாயாக முடியாது, அதைத் தமிழ்ப் பாடத்திலேயே படித்திருப்பார்கள், இங்கே பயன்படுத்தலாம் என்று யாரும் சொன்னதில்லை. உருபு இல்லாமல் நிற்பது எது? விலை. விலை இருக்கிறது. 'இஸ்'.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று ஆரம்பித்து 'லிவ்' என்று எழுதுவார்கள். என் நண்பர்களில் ஒருவன் மதுரையில் வசிக்கிறான். ஒருவன், வசிக்கிறான், 'லிவ்ஸ்'. இதே வாக்கியத்தில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்பதில் உள்ள எஸ்ஸை விட்டுவிட்டு 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறவர்களும் ஏராளம், நண்பர்கள் பலர் இருந்தால்தானே அவர்களில் ஒருவன் வர முடியும் என்று கேளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 'அண்ட்', 'அலாங் வித்' வித்தியாசம். கைடுகளில் இதைப் பெரிய விதியாக எழுதி, கீழே இருபது உதாரணம் கொடுத்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். ரவியும் மாலாவும் வருகிறார்கள். ரவி மாலாவோடு வருகிறான். 'உம்' போட்டால் இருவரும் சேர்ந்து எழுவாய், வினை பன்மை. 'ஓடு' போட்டால் ரவி மட்டும்தான் எழுவாய், வினை ஒருமை. 'அண்ட்' நம் 'உம்', 'வித்', 'அலாங் வித்', 'டுகெதர் வித்' எல்லாம் நம் 'ஓடு'. விதி முடிந்தது.

'எவ்ரிஒன்', 'எவ்ரிபடி' இரண்டையும் 'எல்லோரும்' என்று மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் 'எவ்ரிஒன் ஆர்' என்ற தவறுக்குக் காரணம். 'ஒவ்வொருவரும்' என்று மாற்றிக் கொடுங்கள். 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' இரண்டும் எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை, செய்தி வந்தது, கணக்கு கஷ்டமாக இருக்கிறது, தமிழிலும் அப்படித்தான். 'ஐதர்... ஆர்', அதாவது 'இவரோ அவரோ' என்று வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் போட வேண்டும், இதற்குத் தமிழில் குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான்.

கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகள் ஒரு கேள்வி கொண்டுவருவார்கள், டிவியில் 'இந்தியா ஆர் பேட்டிங்' என்கிறார்களே, இந்தியா ஒன்றுதானே என்று. நல்ல கேள்வி, பாராட்டுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் அணியைப் பதினோரு பேராக நினைத்துப் பன்மை போடுவார்கள், அமெரிக்க வழக்கில் அணியை ஒன்றாக நினைத்து ஒருமை. பரீட்சையில் 'தி டீம் இஸ்' என்று எழுதினால் பாதுகாப்பு.

காதில் விழாத எஸ்

எழுதும்போது சரியாக எழுதும் பிள்ளை பேசும்போது எஸ்ஸை விட்டுவிடும். காரணம் வாயில் இருக்கிறது. தமிழில் சொல் 'க்ஸ்', 'ட்ஸ்', 'ஸ்க்ஸ்' என்று மெய்கள் குவிந்து முடிவதே இல்லை, 'பஸ்'ஸையே நாம் 'பஸ்ஸு' என்றுதான் சொல்கிறோம். 'ஆஸ்க்ஸ்' என்று முடிக்க வாய் திணறுகிறது, அதனால் முழுங்கிவிடுகிறது. இதற்குத் தனியாக 'வொர்க்ஸ், வொர்க்ஸ்' என்று நூறு முறை சொல்லவைப்பது வீண். அடுத்த சொல்லை உயிரெழுத்தில் ஆரம்பிக்கும்படி கொடுங்கள். 'ஷி வொர்க்ஸ் இன் எ ஷாப்'. சேர்த்துச் சொன்னால் 'வொர்க்ஸின்' என்று வரும், மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது நம் புணர்ச்சியில் தினமும் நடப்பதுதான், வாய் உடனே ஒத்துழைக்கும். 'வாக்ஸ் இன்', 'லிவ்ஸ் இன்', 'ஆஸ்க்ஸ் அஸ்', 'ஈட்ஸ் இட்லி' என்று பத்து ஜோடி எழுதிவைத்துக்கொண்டு தினம் இரண்டு நிமிஷம் சொன்னால் போதும். இந்த எஸ் மூன்று விதமாக ஒலிக்கும். 'வாக்ஸ்' என்பதில் காற்றாக, 'ரன்ஸ்' என்பதில் தேனீ ரீங்காரம் போல, தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும், 'வாட்சஸ்' என்பதில் ஓர் அசையே கூடுதலாக. பிள்ளைகளுக்கு அந்த மூன்றாவதைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மற்ற இரண்டும் கேட்டுக் கேட்டு வந்துவிடும்.

இன்னொன்று. ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று நாம் கொடுக்கும் பயிற்சி முழுக்க 'ஐ' தான். ஐ கெட் அப், ஐ பிரஷ், ஐ கோ டு ஸ்கூல். தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எஸ் எங்கிருந்து வரும்? பாட்டியின் ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறாள், வாசல் தெளிக்கிறாள், கோலம் போடுகிறாள், காபி குடிக்கிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள். இப்படியே பத்து வினை சொன்னால் பத்து எஸ். அடுத்த நாள் அதையே 'மை பேரன்ட்ஸ்' என்று மாற்றச் சொல்லுங்கள், எல்லா எஸ்ஸும் உதிர வேண்டும். பையன்களுக்குக் கிரிக்கெட் கமென்டரி. தெருவில் இரண்டு பேர் ஆட, ஒருவன் ஓரத்தில் நின்று 'ஹீ ரன்ஸ் இன், ஹீ போல்ஸ், ஹீ ஹிட்ஸ் இட், ஹீ மிஸ்ஸஸ்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து எந்தக் கைடிலும் இல்லை.

திருத்தும்போது

ஒரு நோட்டில் எல்லாத் தவறையும் ஒரே நாளில் வட்டம் போடாதீர்கள். இந்த வாரம் 'இஸ், ஆர்' மட்டும், மற்றது எது தப்பாக இருந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். அது நிலைத்தபின் 'ஹேஸ், ஹேவ்', அப்புறம் 'டஸ், டோன்ட்', கடைசியில் சாதாரண வினைகளின் எஸ். தவறு உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், விடையை எழுதாதீர்கள். பிள்ளை இரண்டு வண்ணப் பென்சில் எடுத்து, எழுவாயைப் பச்சையில், வினையை நீலத்தில் கோடிட்டு, தானே கண்டுபிடிக்கட்டும். பேசும்போது நடுவில் வெட்டித் திருத்துவது வேண்டவே வேண்டாம். "ஹீ கோ டு மார்க்கெட்" என்று சொன்னால், "ஓ, ஹீ கோஸ் டு மார்க்கெட்டா, அப்புறம்?" என்று நீங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை எஸ்ஸே போடாத பிள்ளை திடீரென்று 'ஐ கோஸ்', 'தே கம்ஸ்', 'யூ லைக்ஸ்' என்று எல்லா இடத்திலும் போட ஆரம்பிக்கும். பல பெற்றோர் அந்த வாரம்தான் எனக்குப் போன் செய்கிறார்கள், முன்னைவிட மோசமாகிவிட்டது என்று. மோசமாகவில்லை. எஸ் என்ற ஒன்று இருப்பதை மூளை இப்போதுதான் கவனித்திருக்கிறது, எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சமயத்தில் திட்டினால் பிள்ளை பழையபடி எஸ்ஸை விட்டுவிட்டுப் பாதுகாப்பாக எழுத ஆரம்பித்துவிடும். இரண்டு வாரம் விடுங்கள். பாட்டி கதையையும் 'ஐ' கதையையும் அடுத்தடுத்து எழுதவையுங்கள், முடிந்தால் ஒரு சாயங்காலம் அந்தப் புளியங்கொட்டையை மறுபடியும் எடுத்து, 'ஐ'யையும் 'யூ'வையும் திண்ணையில் உட்காரவையுங்கள்.